மாப்பிள்ளையின் முன்சக்கரம்

எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு ராத்திரி ஒரு யோசனை வந்தால், காலையில் எனக்கு ஒரு செலவு வரும். தங்கை கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் வழக்கம். வந்த யோசனைகளில் காளான் வளர்ப்பு ஒன்று, வாத்துப் பண்ணை ஒன்று. வாத்துகள் ஒருநாள் வாய்க்காலில் இறங்கினவை, மன்னார்குடி பக்கம் எங்கேயோ சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி.

அதற்கப்புறம் வந்ததுதான் பிக்கப் வண்டி.

இது நல்ல யோசனை என்று நானே சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் ஜாமீன் கையெழுத்தும் போட்டேன். ஃபைனான்ஸ் ஆபீஸில் இருந்த பையன், "கையெழுத்து ரொம்பத் தெளிவா இருக்கு ஸார்" என்று பாராட்டினான். இருபது வருஷமாக ஆபீஸில் கையெழுத்துப் போடுகிறேன், ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

குடவாசல், நாச்சியார்கோயில், கும்பகோணம் என்று வண்டி நன்றாகத்தான் ஓடியது. செங்கல், தென்னங்கன்று, கல்யாணச் சமையல் பாத்திரம், ஒரு தடவை ஓர் ஆர்க்கெஸ்ட்ராவின் டிரம் செட். மாதத் தவணை ஒழுங்காகக் கட்டினார். நானும் ராத்திரி ஒழுங்காகத் தூங்கினேன். தை மாதம் வரைக்கும்!

தையில் சம்பா அறுவடை. அறுத்த நெல்லைக் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக வண்டிக்கு ஏகக் கிராக்கி. "ரோட்டுல நின்னு லோடு ஏத்தினா ஒரு வாடகை, வயலுக்கே போய் ஏத்தினா ஒன்றரை வாடகை மச்சான்" என்று கணக்குச் சொன்னார் மாப்பிள்ளை. கணக்கு சரிதான். மழைதான் கணக்கில் வரவில்லை.

முதல் நாள் ராத்திரி பருவம் தப்பி ஒரு மழை. மறுநாள் வெயில் அடித்ததும் மேலே காய்ந்தமாதிரி தெரிந்தது. நம் டெல்டா களிமண்ணின் போக்கிரித்தனமே அதுதான். மேலே அப்பளம், கீழே அல்வா. மூட்டைக்கு அறுபது கிலோ வீதம் முப்பது மூட்டையை ஏற்றிக்கொண்டு கிளம்பியவர், தார் ரோட்டுக்கு நூறு அடி இருக்கும்போது இடது பின்சக்கரத்தை உளையில் விட்டார். ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். சக்கரம் சுற்றியது. வண்டி நகரவில்லை. மேலும் அழுத்தினார். பின்னால் தள்ளிக்கொண்டிருந்த நாலு பேரும் வேறு நிறத்துக்கு மாறினார்கள். வண்டி வயிறு தரையில் படும்வரை இறங்கியது.

சாயங்காலம் மறுபடி மழை. தார்ப்பாய் பாதி மூட்டைக்குத்தான் வந்தது.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். நனைந்த நெல்லை ரோட்டில் கொட்டி மூன்று நாள் காயவைத்தார் நிலத்துக்காரர். வாடகையும் கிடையாது, ஆள் கூலியும் மாப்பிள்ளை தலையில். கடைசியில் ஒரு டிராக்டர் வந்து சங்கிலி கட்டி இழுத்தது. இழுத்தவர் காசை வாங்கி எண்ணிக்கொண்டே, "ரோட்டுல ஓட்டுற வண்டிய ஏன் தம்பி வயலுக்கு ஓட்டிட்டு வர்றே?" என்று கேட்டார்.

நஷ்டத்தைக்கூட மாப்பிள்ளை தாங்கிக்கொண்டார். அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை.

இந்த ஊர் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அமிர்தக் குடத்தோடு பறந்துவந்த கருடன், அதை இங்கே இறக்கிவைத்துவிட்டுத் திரும்ப எடுப்பதற்குள் புற்று மூடிக்கொண்டது என்கிறது தலபுராணம். கருடனே குடவாசல் மண்ணில் லோடை இறக்கிவிட்டுத் திண்டாடியிருக்கிறார், மாப்பிள்ளை எம்மாத்திரம்? அதே கோணேஸ்வரர் கோயில், யானை ஏறமுடியாதபடி கோச்செங்கட்சோழன் கட்டின மாடக்கோயில்களில் ஒன்று என்பார்கள். யானை என்பது நாலு கால் டிரைவ். அதுக்கே 'நோ என்ட்ரி' போட்ட ஊர் இது.

மாப்பிள்ளை கொழுக்குமலைக்கு ஒரு தடவை டூர் போயிருக்கிறார். தேனி மாவட்டத்து மலைதான், ஆனால் கேரளாவில் சூரியநெல்லி போய், அங்கிருந்து ஜீப்பில் ஏறவேண்டும். பாதை என்று சொல்வது மரியாதைக்காக. பாறைமேல் பாறையாக ஜீப்புகள் தத்தித் தத்தி ஏறுகிற காட்சி அவர் மனசில் பதிந்துவிட்டது.

"மச்சான், அதெல்லாம் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. நம்ம பிக்கப்புல பின்னால ரெண்டுதான் தள்ளுது. முன்னால ரெண்டு சக்கரம் சும்மா உருளுது."

"உருளட்டுமே. ஆபீஸ்ல பாதிப் பேர் அப்படித்தான்."

"விளையாடாதீங்க மச்சான். பழைய ஜீப்போட முன் ஆக்ஸிலை வாங்கி நம்ம வண்டிக்கு மாட்டிட்டா, ஃபோர் வீல் டிரைவ்! எந்த வயல்லயும் இறங்கலாம். டெல்டாவுலயே ஒரே வண்டி!"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்தது. ஆபீஸில் வேலையில்லாத மத்தியானம் ஒன்றில் (எல்லா மத்தியானமும் என்று நீங்கள் நினைப்பது தவறு) இதைப் பற்றிப் படித்தேன். மாப்பிள்ளை யோசனை ஒன்றும் கிறுக்குத்தனம் இல்லை. நாலு சக்கரத்துக்கும் இஞ்சின் சக்தி போகிற பெட்ரோல் காரை 1903-லேயே செய்தவர்கள் ஹாலந்துக்காரர்கள். கம்பெனி பெயர் ஸ்பைக்கர். அதற்கு ரொம்பக் காலம் முன்னால், 1658-லிருந்து 1781 வரை, இந்த டச்சுக்காரர்கள் பக்கத்திலே நாகப்பட்டினத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நம் வாய்க்கால் சேற்றில் மாட்டின ஞாபகம் பரம்பரையாக இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அமெரிக்காவில் இதையே ஒரு தொழிலாகச் செய்திருக்கிறார்கள். 1931-ல் தொடங்கிய மார்மன்-ஹெரிங்டன் என்ற கம்பெனி, ஃபோர்டு லாரிகளை வாங்கி நாலு சக்கர டிரைவாக மாற்றி விற்றது. 1950-களில் மினியாபொலிஸ் நகரத்து நாப்கோ என்ற கம்பெனி, செவர்லே பிக்கப்புகளுக்கென்றே 'பவர் பேக்' என்று ஒரு செட் விற்றது. முன் ஆக்ஸில், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஷாஃப்ட் எல்லாம் ஒரே செட்டாக. கிராக்கி அதிகமாகி, 1957-லிருந்து செவர்லே தன் தொழிற்சாலையிலேயே அதை மாட்டிக் கொடுத்தது. நம் நாட்டுக் கதையும் உண்டு. 1945-ல் 'மஹிந்திரா அண்ட் முகமது' என்று ஒரு கம்பெனி தொடங்கியது. பிரிவினையில் முகமது பாகிஸ்தானுக்குப் போய் மந்திரியாகி, பிறகு அந்த நாட்டின் கவர்னர் ஜெனரலே ஆகிவிட்டார். இங்கே மிச்சமிருந்தவர்கள் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆகி, வில்லிஸ் ஜீப் செய்ய ஆரம்பித்தார்கள். நம் மலைப்பாதைகளில் ஓடுகிற ஜீப் எல்லாம் அந்த வம்சம்தான்.

இத்தனையும் படித்ததில் வந்த வினை, மாப்பிள்ளையிடம் "செய்யலாம் போலத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு பிக்கப் வாசலில் ஹாரன் அடித்தது.

கும்பகோணத்தில் ஒரு பழைய மெக்கானிக். ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிடும். வேலை செய்வதைவிட, வேலை வேண்டாம் என்று சொல்வதில் அதிக அனுபவம் உள்ளவர். மாப்பிள்ளை சொன்னதை முழுக்கக் கேட்டார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்துவந்து பீடி பற்றவைத்தார்.

"தம்பி, திருவாரூர் தேர் பாத்திருக்கியா?"

"வருஷா வருஷம், பாய்."

"முன்னாடி வடம் பிடிச்சு ஜனம் இழுக்குது. பின்னாடி என்ன நடக்குது?"

"புல்டோசர் முட்டித் தள்ளுது."

"அதான் ஃபோர் வீல். இப்ப உன் வண்டியில புல்டோசர் மட்டும்தான் இருக்கு. வடம் கட்டணும்கிறே. கட்டலாம். ஆனா இழுக்கிறவனும் தள்ளுறவனும் ஒரே வேகத்துல போகணும்."

முந்நூறு டன் தேரை இரண்டு வரியில் ஒர்க்ஷாப்புக்குள் கொண்டுவந்துவிட்டார் மனுஷர். பிறகு விவரமாகச் சொன்னார். கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ் வைக்கவேண்டும். அதுதான் வாய்க்கால் மதகு மாதிரி சக்தியை முன்னும் பின்னும் பிரிப்பது. அதை வைத்தால் பின் ஷாஃப்ட் நீளம் இடிக்கும், வெட்டிச் சின்னதாக்கி பாலன்ஸ் பார்க்கவேண்டும். முன்னால் புதிதாக ஒரு ஷாஃப்ட். இப்போதிருக்கிற முன் சஸ்பென்ஷனைக் கழற்றி எறிந்துவிட்டு ஜீப் ஆக்ஸிலுக்குப் பட்டை ஸ்பிரிங் வைக்கவேண்டும். ஆக்ஸில் போய் ஆயில் சம்ப்பில் முட்டும், ஆகவே வண்டியை உயர்த்தவேண்டும். உயர்த்தினால் ஸ்டீயரிங் கம்பி கோணும், பிரேக் ஹோஸ் நீளம் பத்தாது...

ஒவ்வொரு 'வேண்டும்' வந்தபோதும் என் ஜாமீன் கையெழுத்து ஒரு தடவை கண்முன் வந்து போயிற்று.

"ஆக்ஸில் ஒண்ணு ஏற்கெனவே பாத்துட்டேன் பாய். பழைய இரும்புக்கடையில. அட்வான்ஸ் எட்டாயிரம் குடுத்துட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

எனக்கு அது புதுச் செய்தி.

பாய் ஒன்றும் பேசாமல் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, புரொபெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. கியர் நியூட்ரல். சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றினார். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதென்று எண்ணும் வேலை எனக்கு. நாலு சுற்று முழுசாக, அப்புறம் ஒரு கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூட.

"நாலே கால் சொச்சம். இப்ப உன் ஜீப் ஆக்ஸில் என்ன தெரியுமா? சண்டைக்கு வந்த வில்லிஸ் ஜீப்புல முப்பத்தொம்பது பல்லுக்கு எட்டு பல்லு, 4.88. சண்டை முடிஞ்சு சிவிலியனுக்கு வந்ததுல நாப்பத்து மூணுக்கு எட்டு, 5.38. நீ பாத்துருக்கிறது அந்த ரெண்டாவது ரகம். நான் அந்தக் கடையில பாத்திருக்கேன். இதை மாட்டினா பின்சக்கரம் பத்து சுத்து சுத்துறப்ப முன்சக்கரம் எட்டுதான் சுத்தும். ஒரே நுகத்தடியில எருமையையும் குதிரையையும் கட்டின கதை. சேத்துல வழுக்கிச் சமாளிக்கும். தார் ரோட்ல தெரியாம முன் டிரைவைப் போட்டுட்டேன்னா உள்ளுக்குள்ளயே ஒண்ணை ஒண்ணு முறுக்கி, எங்கயாவது ஒரு பல்லு தெறிக்கும். லோடோட தெறிச்சா எங்க போய் நிக்குமோ."

"அப்ப பல்லு ஒத்துப்போற ஆக்ஸிலா பாத்தா?"

"பாத்தா மாட்டலாம். மாட்டி என்ன பண்ணுவே? எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோவேல்ல? பிரேக் இன்ஸ்பெக்டர் குனிஞ்சு பாக்க மாட்டாரா?"

இந்த இடத்தில் என் பங்குக்கு நானும் கொஞ்சம் பேசினேன். படித்துவிட்டு வந்ததில் இந்தப் பகுதியை மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்லாமல் வைத்திருந்தேன், என்ன இருந்தாலும் தப்புதான். ஹரியானாவில் மண்டி டப்வாலி என்று ஓர் ஊர். பழைய ஜீப்பைப் பிரித்து, வேண்டிய மாதிரி மறுபடி கட்டித் தருவதில் பேர்போனது. அங்கேயிருந்து ஜீப் வாங்கினவர்கள் எத்தனையோ பேர் ஆர்.சி. புக்கும் வண்டியும் ஒத்துப்போகாமல் அவஸ்தைப்படுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷம் சட்டத்தையும் திருத்தி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். "ஆக்ஸிலுக்கு ஐயாயிரம், சஸ்பென்ஷனுக்கு ஐயாயிரம், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஐயாயிரம்" என்று நான் விரல் விட ஆரம்பித்தேன். "ஒரு விபத்துன்னு வந்தா இன்ஷூரன்ஸ்காரன் முதல்ல அடியிலதான் குனிஞ்சு பாப்பான் மாப்பிள்ளை."

"இதைப் போன வாரமே சொல்றதுக்கென்ன மச்சான்?"

என்னிடம் பதில் இல்லை.

டீ வந்தது. "மொத்தம் எவ்வளவு பாய் ஆகும், சும்மா சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை. பாய் சொன்ன தொகையை இங்கே எழுதினால் என் தங்கை படிப்பாள். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தார். பிறகு பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்தார்.

"இதை வச்சா பாதி வரும்."

முடிச்சைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டரைப் பவுன் செயின். நான் பி.எஃப். லோன் போட்டு, தங்கை கல்யாணத்துக்கு வாங்கினது. கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி அவளே பொறுக்கினது. தாலிக்கொடி தவிர அவள் கழுத்தில் மிச்சமிருந்த ஒரே நகை.

நான் எழுந்து வெளியே போனேன். அங்கிருந்தே தங்கைக்கு போன் போட்டேன். கத்தவேண்டும் என்றுதான் போட்டேன்.

"நீ கேக்காம எடுத்தாரா?"

"நான்தான் கழட்டிக் குடுத்தேன்."

"உனக்குப் புத்தி இருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அன்னிக்கு ராத்திரி மழையில சாப்பாடு எடுத்துட்டு நான் வயலுக்குப் போனேண்ணே. அவரு முழங்கால் சேத்துல நின்னு அந்த மூட்டைய எல்லாம் தடவிப் பாத்துக்கிட்டு அழுதுட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் மழைத்தண்ணின்னு துடைச்சுக்கிட்டாரு. நீ பாக்கல. நான் பாத்தேன்."

திரும்பி உள்ளே வந்தபோது பாய் அந்தக் கைக்குட்டையை மாப்பிள்ளை கையில் வைத்து மூடிக்கொண்டிருந்தார். "முதல்ல இதை உள்ள வை தம்பி. இங்க பூரா கிரீஸு. கறை பட்டுடும்."

பிறகு அவர் பேசினதுதான் அன்றைக்குப் பிரயோஜனமான பேச்சு. முதல் கேள்வி, எத்தனை மூட்டை ஏற்றினாய் என்பது. முப்பது என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். இந்த வண்டிக்கு இருபதே சாஸ்தி. அடுத்தது டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டுமே, அதற்காக வைத்தது. அதன் குணம், எந்தச் சக்கரத்துக்குச் சிரமம் குறைவோ அதற்குத்தான் சுற்றுக் கொடுக்கும். இடது சக்கரம் உளையில் விழுந்து லேசாகச் சுற்றினால், எல்லாச் சுற்றும் அதற்கே. கெட்டித் தரையில் நின்று உழைக்கத் தயாராக இருக்கிற வலது சக்கரத்துக்கு ஒன்றுமில்லை. எங்கள் ஆபீஸ் புரமோஷன் லிஸ்ட் மாதிரி என்று நான் சொன்னது பாய்க்குப் புரியவில்லை. நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

"சுத்துதுன்னு தெரிஞ்சதும் ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடு. நீ மிதிச்சது பூரா குழி தோண்டினது. டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கு, மிதிக்கிற இடம் அகலமாகும். வைக்கோலைப் பிரிச்சு, தென்னமட்டையைப் போட்டு ரெண்டாம் கியர்ல மெதுவா வா. ரோட்டுக்கு வந்ததும் மறக்காம காத்தை ஏத்திக்க. பின்னாடி ரெண்டு டயர் வழவழன்னு இருக்கு, ஆழமான பட்டன் உள்ளதா மாத்து. அதுக்கு மேல உளைன்னா, ஜீப்பே போனாலும் நாலு சக்கரமும் சேர்ந்து உள்ள போகும். கொழுக்குமலை பாறை தம்பி, இது களி. நம்ம வயல்ல இறங்குறது கேஜ் வீல் மாட்டின டிராக்டரும் பெல்ட் அறுவடை மெஷினும்தான். அதுங்க வேலையை அதுங்க பாக்கட்டும்."

பாய் கூலி வாங்கவில்லை. டீக்குக்கூட அவரே காசு கொடுத்துவிட்டார். நாச்சியார்கோயில் தாண்டும்வரை வண்டியில் பேச்சே இல்லை. திருச்சேறை வந்ததும் மாப்பிள்ளை, "அந்த டிராக்டர்காரர் வீடு எங்க இருக்குன்னு தெரியுமா மச்சான்?" என்று கேட்டார்.

தெரிந்தது. அன்று சாயங்காலமே போனோம். "ரோட்டுல ஓட்டுற வண்டியை..." என்று கேட்டாரே, அதே மனுஷர். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். வயலிலிருந்து ரோடுவரை அவர் டிப்பர், ரோட்டிலிருந்து கொள்முதல் நிலையம்வரை மாப்பிள்ளை பிக்கப், வாடகையை இன்ன கணக்கில் பிரித்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். நுகத்தில் இரண்டு மாடு ஒரே நடையில் போக ஆரம்பித்தது. தாளடி அறுவடை முடிவதற்குள் இரண்டு புது டயர் வாங்கினார். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. போன வாரம் விசேஷத்துக்கு வந்தபோது தங்கை கழுத்தில் செயினைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்கிற சாக்கில் அதை வெளியே எடுத்து விட்டுக்கொண்டாள்.

அட்வான்ஸ் எட்டாயிரம்? இரும்புக்கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரும் பழக்கம் தங்கள் கடையில் இல்லை என்றும், அதற்குப் பதிலாக ஆக்ஸிலையே எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். நாலு பேர் பிடித்து இறக்கினோம். மாட்டுக்கொட்டகையில், முளைக்குச்சி அடிக்கவேண்டிய இடத்தில் இப்போது அது கிடக்கிறது. பசுவை அதில்தான் கட்டுகிறார்கள்.

முந்தாநாள் காலையில் போனபோது, பசு அந்த ஆக்ஸிலோடு வாசல்வரை வந்து வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. ராத்திரி மழை பெய்து கொட்டகையெல்லாம் சேறு. மாப்பிள்ளை டேப்பை வைத்துக்கொண்டு, கொட்டகையிலிருந்து வாசலுக்கு எத்தனை அடி என்று அளந்துகொண்டிருந்தார்.